கூப்பன் அரிசியும் குடியரசின் பெயரும்

எங்கள் நாடு தன் பெயரில் சோசலிசத்தைச் சேர்த்துக்கொண்டது 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி. கூப்பன் அரிசி முற்றாக நின்று அதன் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது அடுத்த ஆண்டு செப்டெம்பரில். இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம். 1977 யூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்று வந்த ஜே.ஆர். ஜெயவர்தன இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கினார். அதே கையோடு நாட்டுக்கு "இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு" என்று பெயரிட்டார். அப்போது நான் திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவன். புதிய பெயரை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்கம் ஏதும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போனார். இந்தப் பெயர் இன்றைக்கும் எங்கள் கடவுச்சீட்டில் இருக்கிறது.

பின்னாளில் ஆசிரியராகி அந்த அரசியலமைப்பை நானே படிப்பிக்க நேர்ந்தபோது அதன் 27ஆம் உறுப்புரையை ஆற அமர வாசித்தேன். நல்ல எழுத்து. சனநாயக சோசலிச சமுதாயம் ஒன்றைக் கட்டியெழுப்ப அரசு உறுதிபூண்டிருப்பதாகச் சொல்கிறது. எல்லாப் பிரசைகளுக்கும் போதிய உணவு, உடை, வீடு. ஓய்வையும் கலையையும் அனுபவிக்கும் வாய்ப்பு. சமூகத்தின் வளங்கள் பொதுநன்மைக்கு ஏற்ற விதமாகப் பங்கிடப்படுதல். இரண்டு உறுப்புரை தள்ளி 29ஆவது வருகிறது. மேலே சொன்னவை எவருக்கும் சட்ட உரிமை எதையும் தரமாட்டா. அவற்றைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. ஒரு மாணவி எழுந்து, "அப்ப இது யாருக்காக எழுதினது சேர்?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரையே அவளுக்கான பதில்தான்.

என் அப்பா துறைமுகத் தொழிலாளி. இளம் வயதில் பிரித்தானியரின் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்து டொக்யார்டில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், கேரளத்திலிருந்து வந்த மலையாளிகள் எல்லாரும் ஒரே சங்கு ஊதலுக்கு உள்ளே போய் ஒரே சங்கு ஊதலுக்கு வெளியே வந்தார்கள். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கைமாறியது. நாட்டுக்கு அது பெருமை. டொக்யார்ட் குடும்பங்கள் பலவற்றுக்கு அது வேலைநீக்கக் கடிதம். அப்பா சில காலம் கிடைத்த கூலி வேலைகளைச் செய்து, பிறகு கப்பல் சாமான் இறக்கும் நாட்டாமையாகத் துறைமுகத்துக்கே திரும்பினார்.

அவருக்குச் சோசலிசம் வந்தது புத்தகத்தில் இருந்தல்ல, தொழிற்சங்கத்தில் இருந்து. லங்கா சமசமாஜக் கட்சி 1935இல் தொடங்கியது. என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகிய பெயர்களை எங்கள் வீட்டில் நெருங்கிய சொந்தக்காரரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் கதையை அப்பா சொன்னால் நேரம் போவது தெரியாது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. அப்போதைய நிதியமைச்சரும் ஜே.ஆர்.தான். இடதுசாரிகள் அழைத்த வேலைநிறுத்தத்தில் நாடு நின்றுபோக, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கப்பலோடு வாழ்ந்த மனிதருக்கு அந்தக் கப்பல் கதை எவ்வளவு இனித்திருக்கும்! சோறு என்பது ஒருவர் இரங்கிப் போடுவதல்ல, நமக்கு உரியது. ஒன்றாக நின்றால் அதைக் கேட்டு வாங்கலாம். சோசலிசம் பற்றி அப்பாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விளக்கம் எனக்கும் பிறகு அகப்படவில்லை.

ஆனாலும் விளக்கம் வேண்டும். இந்தப் பெயரை எவரும் எடுத்துச் சூடிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டதால் கட்டாயம் வேண்டும். நிலம், தொழிற்சாலை, துறைமுகம், எண்ணெய் என்று உழைப்புக்கு அடிப்படையாக இருப்பவை தனியாரின் இலாபத்துக்காக அல்லாமல் சமூகத்துக்காக இருக்கவேண்டும். விளைவது நியாயமாகப் பங்கிடப்படவேண்டும். அதை எப்படிச் செய்வது என்ற முடிவில் உழைக்கிறவருக்குக் குரல் இருக்கவேண்டும். மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்து, சமூகம் என்ற இடத்தில் அரசு என்று போட்டுக்கொண்டவர்கள் உலகெங்கும் ஆண்டார்கள். சோவியத் நாட்டில் அது கட்சியின் ஆட்சியாக முடிந்தது. காங்கிரஸ் கட்சி 1955இல் சென்னைக்கு அருகே ஆவடியில் கூடி, சோசலிசப் பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் அந்தச் சொல் ஏறியதோ 1976இல், அவசரநிலைக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது. ஜேர்மனியில் ஹிட்லரின் கட்சிப் பெயரிலும் சோசலிசம் இருந்தது. அவர்கள் முதலில் சிறைக்கு அனுப்பியவர்களில் சோசலிசவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் அடங்குவர்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி வென்றது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதில் பங்காளிகள். என்.எம். நிதியமைச்சர். அப்பா அன்று வீட்டு வாசலில் செங்கொடி கட்டினார்.

அந்தக் காலத்துச் சங்கக்கடையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லவேண்டும். நீளமான மரப் பலகை, அதன்மேல் தராசு. பின்னால் சாக்குகள், மண்ணெண்ணெய்ப் பீப்பாய். மனேஜர் கூப்பன் புத்தகத்தை வாங்கி, அந்த வாரத்துக் கூப்பனில் அடிமட்டத்தை வைத்து நேராகக் கிழிப்பார். கிழித்ததை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் போடுவார். பிறகு கொத்தால் அரிசியை அள்ளி, கையால் வழித்து மட்டப்படுத்தி, நீட்டிய பைக்குள் கொட்டுவார். அந்த வழிப்பில்தான் எல்லாக் கண்ணும் இருக்கும். அரிசியில் சாக்கு மணமும் பழைய மணமும் கலந்திருக்கும். அம்மா அதைச் சுளகில் போட்டுப் புடைத்துக் கல் பொறுக்குவா. குறை சொல்லமாட்டா. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கொத்து இலவசம் என்பது எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியான உறுதி.

1973இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அந்த உறுதி குறைந்தது. பாணுக்கு விடியற்காலையில் கியூ. மரவள்ளிக் கிழங்கு தினச் சாப்பாடானது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதற்குத் தடை. பொலிஸ் தடையில் பஸ்ஸை மறித்துப் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவு. இந்தப் பஞ்சத்தைச் சோசலிசத்தின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையல்ல. டொலர் இல்லாத ஒரு சிறு நாட்டை உலக விலை போட்டு நெரித்தது. நான் மன்னிக்காதது வேறொன்று.

சங்கக்கடை உண்மையில் கூட்டுறவுக் கடை. அங்கத்தவர் பங்குப்பணம் போட்டு, தாங்களே நிர்வாகிகளைத் தெரிந்து, கணக்கைத் தாங்களே கேட்ட கடை. சோசலிசம் என்று ஒன்றை எங்கள் தெருவில் தொட்டுக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் சிறு சங்கங்களை எல்லாம் இணைத்துப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக்கியது. பணிப்பாளர்களில் பெரும்பகுதியை அமைச்சரே நியமிக்கலாம் என்றும் வைத்தது. சோசலிசத்தின் பெயரால் வந்த அரசாங்கம், மக்கள் கையில் இருந்த சோசலிசத்தை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டது. அதன் பிறகு கடையில் கேள்வி கேட்டவருக்குக் கிடைத்த பதில், "மேலிடத்தில கேளுங்கோ." வேலைக்குப் போனவருக்கு எம்.பி.யின் துண்டு வேண்டியிருந்தது. உடைமை பொதுவாகத்தான் இருந்தது. வாசலில் நின்றவர் மட்டும் கட்சிக்காரர்.

இதைவிட ஆழமாக அப்பாவைக் குத்தியது மொழி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் சமசமாஜிகள். ஒரு மொழி என்று பிடிவாதம் பிடித்தால் நாடு இரண்டாகும் என்று அன்று எச்சரித்தவர் கொல்வின். அதே ஆண்டு ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாட்டுக்காக நாலாபுறமிருந்தும் மக்கள் நடந்து எங்கள் ஊருக்கு வந்தார்கள். அப்பா அந்தக் கூட்டத்தையும் போய்ப் பார்த்தார், மே தின ஊர்வலத்திலும் நடந்தார். இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. 1966 சனவரியில் தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கு இடமளித்த விதிகளுக்கு எதிராகக் கொழும்பில் எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கியபோது அதில் செங்கொடியும் இருந்தது. மீண்டும் பிரதமராகித் தமிழரோடு கூட்டுச் சேர்ந்த டட்லியை மசாலை வடை சொல்லிக் கேலி செய்யும் கோஷம் அந்தக் காலத்து இடதுசாரி ஊர்வலங்களில் எழுந்தது. 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிப்படுத்தி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அதற்கு முந்திய சோல்பரி யாப்பில் இருந்த சிறுபான்மையோர் பாதுகாப்பு வாசகத்தை விட்டுவிட்டது. அந்தக் குடியரசு அரசியலமைப்பை வரைந்த அமைச்சர், 1956இல் எச்சரித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா.

அன்றிரவு அப்பா சாப்பிட உட்கார்ந்தபடி அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சம்பளப் போராட்டத்துக்கு எண்டா வந்து கூப்பிடுறாங்கள். சட்டம் எழுதக்குள்ள மட்டும் நான் ஆர் எண்டு தெரியேல்லை." சந்தாவை அவர் நிறுத்தவில்லை. கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார்.

தமிழ்த் தரப்பும் அதே பெயரை எடுத்தது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் நிறைவேறிய தீர்மானம் கேட்டது சுதந்திரமான, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சோசலிசத் தமிழீழம். அந்த மேடையில் இருந்தவர்களில் கணிசமானோர் வழக்கறிஞர்கள், காணிக்காரர்கள். நாட்டாமைக்கோ கரைவலை இழுப்பவருக்கோ அந்தச் சோசலிசத்தில் என்ன பங்கு என்று ஒரு கூட்டத்திலும் விளக்கிக் கேட்டதில்லை. பிறகு வந்த ஆயுத இயக்கங்கள் ஒவ்வொன்றும் தன் துண்டுப்பிரசுரத்தில் சோசலிசம் எழுதியது. அவற்றை வாசித்து வளர்ந்த பிள்ளைகள் அதை மனதார நம்பினார்கள். எங்கள் தெருவில் இருந்தும் போனார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். துவக்கு வந்த இடத்தில் கேள்விக்கு இடமில்லாமல் போனது என்பதையும் சொல்லாமல் விட மாட்டேன்.

இப்படி எல்லாரும் சோசலிசவாதிகளாக இருந்த நாட்டில் 1980 யூலையில் சம்பள உயர்வு கேட்டு அரச ஊழியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலையிழந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமாவும் அதில் ஒருவர். பிறகு வாழ்நாள் முழுவதும் சந்தையில் வெற்றிலை விற்றார். சனநாயகமும் சோசலிசமும் சேர்ந்த நாட்டுப் பெயர், அவருக்கு வந்த வேலைநீக்கக் கடிதத்தின் தலைப்பிலும் இருந்தது.

எனக்குக் கிடைத்த சோசலிசம் எதுவென்று திரும்பிப் பார்க்கிறேன். அதற்கு அந்தப் பெயரே இருக்கவில்லை. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரு சதம் கட்டணம் இல்லாமல் படித்தேன். அந்த இலவசக் கல்வியை அரசாங்க சபையில் போராடி 1945இல் கொண்டுவந்தவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. நாடு அன்றைக்கு இன்னும் பிரித்தானியர் கையில். என் தங்கைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது அரச ஆஸ்பத்திரியில் நாட்கணக்காகப் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அம்மாவின் கையில் பஸ் காசு மட்டும் இருந்தது. கூப்பன் அரிசிகூட யுத்தகாலத்துப் பங்கீட்டு ஏற்பாடாக வந்ததுதான். நாட்டாமையின் மகனை ஆசிரியராக்கியது இவைதான். இவற்றைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தங்களைச் சோசலிசவாதிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டு வாங்கும் வலு மக்களுக்கு இருந்தது, அதற்குப் பின்னால் சங்கங்களும் இடதுசாரிகளும் இருந்தார்கள். அப்பாவின் தலைவர்களை நான் முழுதாகக் கைவிடாமல் இருப்பதற்கு இது காரணம்.

பொதுச் சொத்து என்ற பெயரில் கிடந்தவற்றுக்கும் எங்கள் ஊரில் சாட்சி உண்டு. திருகோணமலைச் சீனக்குடாவுக்குப் போகிற எவரும் எண்ணெய்க் குதங்களைப் பார்க்காமல் வரமுடியாது. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது ஒன்று எரிந்து அழிந்தது. இப்போது இருப்பவை 99. மேட்டுப் பக்கத்துத் தாங்கிகளுக்குப் போகும் பாதையைக் காடு மூடியிருக்கிறது. இரும்புத் தகட்டில் துரு பொருக்குப் பொருக்காக உரிகிறது. விரலால் தட்டினால் உதிரும். ஒரு தாங்கியின் விளிம்பில் ஆலமரம் வேர்விட்டு, வேர் தகட்டை அணைத்தபடி தரை வரைக்கும் இறங்கியிருக்கிறது. அறுபதுகளில் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளைத் தேசியமயமாக்கி, அதற்காக 1963இல் அமெரிக்க உதவியை இழந்து நின்ற நாடு இது. அந்தத் துணிவை நான் இன்றும் மதிக்கிறேன். அதே நாடு தன் கையிலிருந்த இந்தத் தாங்கிகளில் பெரும்பாலானவற்றைப் பல பத்தாண்டுகள் குரங்குக்கும் மானுக்கும் விட்டுவைத்தது. கொழும்பின் கணக்கில் அது தேசியச் சொத்து. பக்கத்து வெள்ளைமணலில் வேலை தேடி நின்ற பொடியனுக்கு அதனால் ஒரு நாள் கூலியும் வரவில்லை.

1987 யூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் பரிமாறிய கடிதங்களில் இந்தத் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பதாக எழுதினார்கள். அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தது இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. இந்திய விஸ்தரிப்புவாதம் என்பது அதன் தாபகர் றோகண விஜேவீர தன் தோழர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று. 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்குத் தாங்கிகள் குத்தகைக்குப் போயின. 2022 சனவரியில் புதிய பங்கீடு: அந்தக் கம்பனிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அதையும் ஜே.வி.பி. எதிர்த்தது. 2024 செப்டெம்பரில் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க சனாதிபதியானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களை எடுத்தது. எங்கள் மாவட்டத்தின் நான்கில் இரண்டு அவர்களுக்கு. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி நரேந்திர மோடி கொழும்பில் இருக்கையில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவுடனும் ஐக்கிய அரபு அமீரகத்துடனும் அந்த அரசாங்கமே கைச்சாத்திட்டது.

கொள்கை மாறியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வங்குரோத்தான நாட்டைப் பொறுப்பேற்றவர்களுக்குச் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளும் சேர்ந்தே வந்தன. தாங்கிகள் துருப்பிடித்துக் கிடப்பதைவிட வேலை கொடுப்பது மேல். அரிவாளும் சுத்தியலும் கட்சிக் கொடியில் இருக்க, வாக்குச் சீட்டில் திசைகாட்டி இருப்பதும் எனக்கு விடயமல்ல. நான் பார்ப்பது அப்பாவுக்கு 1972இல் வலித்த அதே இடத்தைத்தான். முடிவு எடுக்கும் அறைக்குள் இந்த மாவட்டத்தவர் யார் இருந்தார்கள்? வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பைப் பிரிக்க நீதிமன்றம் போன கட்சி இது. 2006 ஒக்டோபரில் தீர்ப்பு வந்ததோடு, 1988 முதல் எங்கள் ஊரில் இருந்து இயங்கிய இணைந்த மாகாண நிர்வாகத்துக்கு முடிவு வந்தது. சமத்துவம் பேசும் கட்சியிடம் தமிழ் பேசுகிறவர் முதலில் தேடுவது அந்த அறைக்குள் ஓர் இடத்தைத்தான்.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திசைகாட்டித் துண்டுப்பிரசுரத்தோடு ஒரு பொடியன் வீட்டுக்கு வந்தான். என்னிடம் படித்தவனின் மகன். பண்பானவன், மாலை நேரத்தில் சொந்தக் காசில் பெற்றோல் அடித்து வீடுவீடாக ஏறி இறங்குகிறவன். சோசலிசம் என்றால் என்ன தம்பி என்று கேட்டேன்.

"களவில்லாத ஆட்சி ஐயா. அதுவே எவ்வளவு பெரிசு!"

பெரிசுதான். களவில்லாமல் நிலத்தைக் கம்பனிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்தான். "அது யாற்ற நிலம் எண்டதைப் பொறுத்து" என்றான். அவனுடைய கட்சித் தலைவர்களைவிட அவன் நல்ல இடத்தில் கை வைத்தான் என்று எனக்குப் பட்டது.

அவன் சொன்ன கேள்வி சில மாதங்களில் எங்கள் மாவட்டத்து முத்துநகரில் நேரே வந்து நின்றது. துறைமுக அதிகாரசபைக்கென 1984இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பெருநிலத்துக்குள் அடங்குகிற வயல்கள் அவை. குளத்து நீரை நம்பி ஆண்டாண்டுகளாக முஸ்லிம்களும் தமிழர்களும் நெல் விதைத்த மண். சூரிய மின்சக்தித் திட்டத்துக்காக அது கம்பனிகளுக்குப் போனது. விவசாயிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டகை போட்டுத் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். சூரிய மின்சாரத்தை அங்கே ஒருவரும் எதிர்க்கவில்லை. பற்றைக்காடாகக் கிடக்கும் நிலம் எத்தனையோ இருக்க, விளைகிற வயலை எடுத்தது ஏன் என்பதே அவர்கள் கேள்வி. சட்டப்படி நிலம் அரசின் நிறுவனத்துக்கு உரியது, ஆகவே பொதுச் சொத்து என்றது ஒரு பக்கம். உழுதவர் அந்தப் பொதுவுக்குள் வருகிறாரா இல்லையா என்றது மறுபக்கம். சோசலிசம் பற்றி ஒரு நூற்றாண்டாக நடக்கும் விவாதம் முழுவதும் அந்தத் தறப்பாளுக்கு அடியில் இருந்தது.

அந்தப் பொடியனையும் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு விவசாயி தன் உர மானியத் துண்டையும் நெல் விற்ற பற்றுச்சீட்டையும் பையிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தார். விளைச்சலை வாங்கும்போது அரசுக்கு நான் விவசாயி, நிலத்தை எடுக்கும்போது மட்டும் அத்துமீறிக் குடியேறினவனா என்று கேட்டார். அவன் துண்டுகளைப் படம் பிடித்தான், கட்சி அலுவலகத்தில் கொடுப்பேன் என்றான். கொடுத்தும் இருப்பான்.

அவனிடமும் அவன் கட்சியிடமும் என்னுடைய கேட்பு சின்னது. துறைமுக அதிகாரசபையின் பெயரில் இந்த மாவட்டத்தில் எவ்வளவு நிலம் இருக்கிறது, அதில் யார் எவ்வளவு காலமாகப் பயிர் செய்கிறார்கள், எந்தத் துண்டு எந்தக் கம்பனிக்கு எந்த நிபந்தனையில் போகிறது என்ற பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மாவட்டச் செயலக வாசலில் ஒட்டவேண்டும். ஒட்டிய பிறகு ஒரு மாதம் ஆட்சேபனை கேட்கவேண்டும். எண்ணெய்க் குதங்களின் கூட்டு நிறுவனத்துச் சபையில் இந்த மாவட்ட மக்கள் தெரிந்த ஒருவரை இருத்தவேண்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை, நாணய நிதியத்திடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை.